கொகேஷி: குழந்தைகள் கைவிட்ட பொம்மை

ஜப்பானின் நாட்டுப்புற பொம்மைகளை, காலம் தொடாத பழமை என்று போற்றுவது வழக்கம். வடகிழக்கு ஜப்பானின் தோஹோக்கு பகுதியில் பிறந்த கொகேஷி மரப்பொம்மையின் வரலாறு இதற்கு ஒத்துவரவில்லை. வாங்குபவர் மாறியபோதெல்லாம் கொகேஷியும் மாறியது, மாறியதால்தான் பிழைத்தது. எடோ ஆட்சிக்காலத்தின் பிற்பகுதியில், 19ஆம் நூற்றாண்டில், அதை முதலில் செய்தவர்கள் கிஜியா எனப்படும் கடைசல்காரர்கள். மலைக்காடுகளில் மரம் வெட்டிக் கிண்ணமும் தட்டும் கடைந்து விற்றவர்கள் அவர்கள். நருகோ, தோகத்தா, த்சுச்சியு போன்ற வெந்நீர் ஊற்றுகளுக்கு, வயல் வேலை ஓய்ந்ததும் உடல்வலி தீரக் குளிக்க வந்த உழவர்கள், ஊர் திரும்பும்போது பிள்ளைகளுக்கு இந்தப் பொம்மையை வாங்கிப்போனார்கள். அதன் உருவமும் பட்டறையில் தீர்மானமானதே. சுழலும் கட்டையில் உளி பிடித்தால் உருளை உடலும் உருண்டைத் தலையும் எளிதில் வரும், கைகால் வராது. சுழலும்போதே தூரிகையை வைத்தால் வண்ண வளையங்கள் தாமே விழும். நருகோ பொம்மையின் தலையைத் திருகினால் எழும் கிறீச்சொலியும், கழுத்தை இறுக்கிப் பொருத்தும் முறையின் விளைவுதான்.

வறுமையில் இழந்த குழந்தைகளின் நினைவாகவே இது பிறந்தது என்பார்கள் சிலர். ‘கோ’ என்றால் குழந்தை, ‘கெஷி’ என்றால் அழித்தல் என்று பெயரைப் பிரித்துப் பொருள் காட்டுவார்கள். மனதை உலுக்கும் விளக்கம்தான். ஆனால் சான்று இல்லை. ஊருக்கு ஊர் இதற்கு தேகோ, கிதேகோ, கிபோக்கோ என்று வெவ்வேறு பெயர்கள் இருந்தன. 1940இல் நருகோவில் கூடிய கூட்டத்தில்தான் ‘கொகேஷி’ பொதுப்பெயரானது. அவ்வளவு பிந்தி நிலைத்த ஒரு பெயரைப் பிரித்து, தொடக்ககால நோக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

தகர, செல்லுலாய்டு பொம்மைகள் பெருகியதும் குழந்தைகள் கொகேஷியைக் கைவிட்டார்கள். கைகொடுத்தவர்கள் வளர்ந்தவர்களே. சென்டாய் நகரின் அமாயே தோமியா 1928இல் கொகேஷி பற்றி நூல் வெளியிட்டார், சேகரிப்பாளர்கள் பெருகினார்கள், ஊர்வாரியான பாணிகள் வகை பிரிக்கப்பட்டன. அப்படியானால் இந்த மரபே சேகரிப்பாளர்களின் கற்பனைதானே என்று கேட்கலாம். வகைப்பாடு அவர்களுடையது, கைவேலை அவர்களுடையது அல்ல. மிசுகி மரத்தின் பட்டையை உரித்து, காயவைத்து, கடைந்து, முகம் எழுதும் பழக்கம் பட்டறையில் ஆசானிடமிருந்து சீடனுக்கு வந்தது. விளையாட்டுப் பொருள் அலமாரிப் பொருளானது உண்மைதான். ஆனால் கிண்ணம் கடைந்த கை, குளிக்க வந்தவருக்காகப் பொம்மை கடைந்ததும் அப்படியொரு மாற்றமே அல்லவா? மரபைப் பெயரில் தேடினால் 1940க்கு முன்னும் பின்னும் இரண்டாகப் பிளந்து நிற்கும். கடைசல் உளியில் தேடினால் ஒரே கோடாக ஓடும்.