சப்மிட் அழுத்தாமல் தெரிந்த தமிழ்

ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொள்ளும் யாருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு பயிற்சி வரும். மேலே ஒரு பெட்டி, அதில் பெயரை டைப் பண்ணணும். டைப் பண்ணப் பண்ண அது கீழே தெரியணும். பத்து வரி கோடு, அவ்வளவுதான். முடிச்சிட்டு மறந்துடுவோம். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து தமிழில் போன முதல் மின்னஞ்சல் அப்படிப்பட்ட ஒரு பெட்டியில் எழுதியதுதான். இன்னிக்கு எபிசோடு அந்தப் பெட்டியைப் பற்றி.

எனக்கு ஊர் கலசப்பாக்கம். அப்பா ஆரணி முதலாளி ஒருவருக்குக் கூலிக்குப் பட்டு நெய்தார். சித்தப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை. 2006-ல் நான் பத்தாவது படித்தேன். போளூரில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். சித்தப்பாவின் மெயில் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக வரும், நான் படித்துச் சொல்லணும். அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "என் தம்பி எழுதுனதை நான் படிக்கக் கூடாதாடா?" என்பார். ஆயாவுக்குக் கண் ஆபரேஷன் என்று முடிவானபோது, "இதை நான் சொல்லச் சொல்ல தமிழ்லதான் எழுதணும்" என்று என்னோடு பஸ் ஏறிவிட்டார்.

இங்கே கொஞ்சம் பின்னால் போவோம். வலைப்பக்கத்தில் படிவம் என்பது ஜாவாஸ்கிரிப்டுக்கு முன்பே இருந்தது. நிரப்பி சப்மிட் அழுத்தினால் எல்லாம் சர்வருக்குப் போகும். அங்கே ஒரு புரோகிராம் அதைப் பார்த்துவிட்டுப் புதுப் பக்கம் அனுப்பும். ஒரு எண் தப்பாக இருந்தாலும் போய்த் திரும்பி வந்த பிறகுதான் தெரியும். போன் லைனில் இணையம் ஓடிய காலம், யோசிச்சுப் பாருங்க. 1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஒரு மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். அந்த டிசம்பரில் அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர் வைத்தார்கள். 1996-ல் வந்த நேவிகேட்டர் 2-ல் ஆன்கிளிக், ஆன்சேஞ்ச் போன்ற ஈவென்ட் ஹேண்ட்லர்கள் இருந்தன. அதாவது, 'இது நடந்தால் இதைச் செய்' என்று பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். ஒவ்வொரு விசைக்கும் காது கொடுக்கும் ஆன்கீஅப் வகையறா 1997-ல், நான்காம் பதிப்பில்தான் வந்தது.

வெளிநாட்டு உதாரணங்களில் அது பெரும்பாலும் படிவத்தைச் சரிபார்க்கும் வேலைதான் செய்தது. நம்ம ஆட்களுக்கு வேறு பிரச்சினை. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு தமிழ்99 விசைப்பலகையைத் தந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. எல்லாம் சரி, ஆனால் விசையை அழுத்தித் தமிழ் வர வைக்க இ-கலப்பை மாதிரி ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். சென்டர்காரர் எதையும் நிறுவ விடமாட்டார். வைரஸ் பயம், அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த இடைவெளியை நிரப்பியது அந்தப் பத்து வரிப் பயிற்சியின் அண்ணன் ஒன்று. புலம்பெயர்ந்த ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன் தன் தளத்தில் இப்படிப்பட்ட பக்கங்களை இலவசமாக வைத்திருந்தார். பழைய எழுத்துருக்களை யூனிகோடாக மாற்றும் பொங்குதமிழும் அவருடையதுதான். நிறுவ எதுவும் இல்லை. பக்கத்தைத் திறந்தால் போதும்.

கே அடித்தால் க். பக்கத்தில் ஏ அடித்தால் புள்ளி மறைந்து க. பிறகு ஐ அடித்தால் கை. விரல் விசையை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் ஆன்கீஅப் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும். அது மேல் பெட்டியில் இருப்பதை எடுத்து, மாற்றி, கீழ்ப் பெட்டியில் வைக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நீளமான சேர்க்கையை முதலில் தேடணும். வெறும் ஏ-வை முதலில் மாற்றிவிட்டால், கை என்பது 'கஇ' ஆகிவிடும். சர்வருக்கு எதுவுமே போகாது. பக்கம் ஒரு தடவை இறங்கிவிட்டால் லைன் கட்டானாலும் எழுதிக்கொண்டே இருக்கலாம். போளூரில் அது அடிக்கடி ஆனது.

அப்பா ஸ்டூலை இழுத்துப்போட்டுச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்' என்ற இடத்தில் சின்ன என் போட்டுவிட்டேன். கீழே 'கன்' என்று விழுந்தது.

"டேய், இன்னாடா அது? மூணு சுழி எங்க?"

கம்ப்யூட்டரையே அன்றுதான் கிட்டத்தில் பார்க்கிறார். ஷிஃப்ட் அழுத்தி என் அடித்தேன், ண் வந்தது. "அட, மிதியை மிதிச்சா இழை தூக்குற மாதிரி இல்ல கீது!" என்றார். அதற்குப் பிறகு என் விசைப்பலகையைப் பார்க்கவே இல்லை, கீழ்ப் பெட்டியை மட்டுமே பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தார். சப்மிட் அழுத்தி அரை நிமிஷம் கழித்து வரும் பக்கமாக இருந்திருந்தால் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் கண் முன்னால் விழுந்ததால்தான் அது அவர் எழுதிய கடிதம் ஆனது. காப்பி பண்ணி மெயிலில் ஒட்டி அனுப்பினோம்.

இரண்டு நாள் கழித்து, வழக்கம்போல ஆங்கில எழுத்தில் பதில்: கட்டம் கட்டமாத் தெரியுது அண்ணா. அவர் போன சென்டரின் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இல்லை. வேறு கடை பார்க்கச் சொல்லி, கூடவே அந்தப் பக்கத்தின் முகவரியையும் அனுப்பினேன்.

இப்போது அந்தப் பக்கங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. தமிழ் விக்கிப்பீடியா நாராயம் என்ற கருவியால் தொகுப்புப் பெட்டிக்குள்ளேயே தமிழ் கொடுத்தது. 2013-ல் ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகையோடு வந்தது. ஆண்ட்ராய்டு குரோமில் எந்த எழுத்தைத் தொட்டாலும் பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்தான் கீ கோடாக வரும். அதனால் விசையை நம்பி எழுதிய பழைய கோடு அங்கே தடுமாறும். இன்றைக்குப் பயிற்சியில் இன்புட் ஈவென்ட்டைச் சொல்லித் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சித்தப்பாவின் அடுத்த மெயில் தமிழிலேயே வந்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். அப்பா தறியை நிறுத்திவிட்டு, குழியில் உட்கார்ந்தபடியே சத்தமாகப் படித்தார். இரண்டாவது வரியில் நின்றார்.

"பணத்துக்கு ரெண்டு சுழி போட்டுக்கிறான் பாரு. அவனுக்கும் அந்த ஷிஃப்ட்டைச் சொல்லிக் குடு."