ஊடாடும் கற்பித்தல் கருவிகளின் வரலாறு

மாணவர் ஒன்றைச் செய்தவுடன் அதற்கேற்ற மறுமொழியைத் தரும் கருவிகள் ஊடாடும் கற்பித்தல் கருவிகள் எனப்படுகின்றன. காணொலியை மாணவர் பார்க்கலாம். அதனுள் எதையும் மாற்ற முடியாது. ஊடாடும் கருவியில் ஒரு புள்ளியை நகர்த்தலாம், ஒரு மின்கலத்தைக் கூட்டலாம், ஒரு கட்டளையை மாற்றி எழுதலாம். அதனால் என்ன நேர்ந்தது என்பது உடனே தெரிந்துவிடும். இன்று இவற்றுள் பெரும்பாலானவை இணைய உலாவியிலேயே இயங்குகின்றன. ஆனால் இவற்றின் வரலாறு இணையத்துக்கு மிகவும் முந்தியது. அந்த வரலாற்றில் ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் எழுகிறது: வகுப்பில் கேள்வி கேட்பது கருவியா, மாணவரா?

கணினிக்கு முந்திய பொறிகள்

1920-களில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் சிட்னி பிரெசி நான்கு விசைகள் கொண்ட ஒரு சிறு பொறியை அமைத்தார். அதன் சாளரத்தில் ஒரு வினா தோன்றும். சரியான விடைக்குரிய விசையை அழுத்தினால்தான் அடுத்த வினா வரும்.

1953-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் தம் மகளின் நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பார்க்கச் சென்றார். முதலில் முடித்த பிள்ளைகள் சும்மா இருந்தார்கள். தெரியாத பிள்ளைகள் தவித்தார்கள். செய்த கணக்கு சரியா தவறா என்பது எவருக்கும் அப்போது தெரியவில்லை. இக்குறையைப் போக்க அவர் ஒரு கற்பிக்கும் பொறியை உருவாக்கினார். மாணவர் விடையை எழுதி நெம்புகோலை நகர்த்தினால் சரியான விடை வெளிப்படும். பாடம் மிகச் சிறிய படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அவரவர் வேகத்தில் படிக்கலாம் என்பதும், விடை சரியா என்பது உடனே தெரியும் என்பதும் இதன் நன்மைகள். ஆனால் எதைக் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது, எது விடை என்பனவற்றைப் பொறியை அமைத்தவரே முன்கூட்டி முடிவு செய்திருந்தார். மாணவர் கேட்பதற்கு அதில் இடமில்லை.

பிளேட்டோ

1960-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் தலைமையில் பிளேட்டோ என்னும் கணினிவழிக் கற்பித்தல் அமைப்பு தொடங்கியது. முதலில் ஒருவர் மட்டுமே பயன்படுத்தக்கூடியதாக இருந்த அது, 1970-களில் ஏறத்தாழ ஆயிரம் முனையங்கள் கொண்டதாக வளர்ந்தது. 1972-இல் வந்த நான்காம் பதிப்பில் பிளாஸ்மா திரையும், விரலால் தொட்டு விடையளிக்கும் வசதியும் இருந்தன. பிளாஸ்மா திரை என்பதே இந்தத் திட்டத்துக்காக 1964-இல் கண்டுபிடிக்கப்பட்டதுதான்.

பிளேட்டோவின் பாடங்களுள் ஷாரன் டக்டேலும் டேவிட் கிப்பியும் பின்னங்களுக்காக உருவாக்கிய அம்பு எறியும் விளையாட்டு குறிப்பிடத்தக்கது. திரையில் ஓர் எண்கோடு இருக்கும். அதில் ஆங்காங்கே பலூன்கள் ஒட்டியிருக்கும். பலூன் இருக்கும் இடத்தை மாணவர் பின்னமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். உடனே அம்பு அந்த எண்ணுக்குரிய இடத்துக்குப் பாயும். 1/4 என்பது 1/3-ஐவிடப் பெரியது என்று எண்ணிய பிள்ளையின் அம்பு பலூனுக்குக் கீழே போய்ச் செருகும். 'தவறு' என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. தான் சொன்ன எண் எங்கே இருக்கிறது, வேண்டிய இடம் எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளையே பார்த்து அடுத்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும். ஸ்கின்னரின் பொறி விடையைக் காட்டியது. இந்த விளையாட்டு மாணவரின் விடைக்கு என்ன பொருள் என்பதைக் காட்டியது.

பெரிய மையக் கணினியும் தனி முனையங்களும் தேவைப்பட்டதால் பிளேட்டோவுக்கு ஆன செலவு மிக அதிகம். சாதாரணப் பள்ளிகளை அது எட்டவில்லை.

லோகோ ஆமை

1967-இல் வாலி ஃபியூர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ என்னும் கணினி மொழியை உருவாக்கினர். பேப்பர்ட் அதற்குமுன் ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் ஜீன் பியாஜேயுடன் பணியாற்றியவர். கணினி குழந்தையை இயக்குவதை மாற்றி, குழந்தை கணினியை இயக்க வேண்டும் என்பது 1980-இல் வெளிவந்த அவருடைய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் மையக் கருத்து.

லோகோவில் ஓர் ஆமைக்குக் கட்டளை இடப்படுகிறது. 100 அடி முன்னே போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு என்று நான்கு முறை சொன்னால் ஒரு சதுரம் கிடைக்கும். சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால் பல பிள்ளைகள் 60 பாகை என்று கொடுப்பார்கள். முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்பது பாடத்தில் படித்ததுதானே! ஆனால் ஆமை முக்கோணத்தை மூடாமல் விலகிப் போய்விடும். அப்போது பிள்ளை எழுந்து தானே ஆமையாகத் தரையில் நடந்து பார்க்கலாம். மூலையில் திரும்ப வேண்டியது வெளிக்கோணம், அது 120 பாகை என்பது அப்போது புலப்படும். மூன்று முறை 120-ம் 360, நான்கு முறை 90-ம் 360 என்று கண்டுகொண்ட பிள்ளைக்கு ஐங்கோணத்தின் கோணத்தை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1980-களில் லோகோ பல நாட்டுப் பள்ளிகளில் பரவியது. அதைப் பற்றிய எதிர்பார்ப்பும் அளவுக்கு மிஞ்சியது. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லண்டு ஆகியோர் ஆய்ந்தபோது, லோகோ கற்ற குழந்தைகள் கணினிக்கு வெளியே உள்ள வேலைகளைத் திட்டமிடுவதில் மற்றவர்களைவிடச் சிறந்து விளங்கவில்லை என்று தெரிந்தது. குழந்தையைக் கருவியோடு விட்டுவிட்டால் சிந்தனை தானாக வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது ஒரு தடையாயிற்று. எனினும் லோகோவின் வழியில் 2007-இல் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் எம்.ஐ.டி.யில் ஸ்கிராட்ச் மொழியை வெளியிட்டனர். 2013 முதல் அது உலாவியிலேயே இயங்குகிறது.

உலாவிக்குள் வந்த ஆய்வகம்

இணையம் பரவியபின் இக்கருவிகளை விலையின்றி எல்லாப் பள்ளிகளுக்கும் தரும் வாய்ப்பு உண்டாயிற்று. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் தம் பட்டமேற்படிப்பு ஆய்வாகத் தொடங்கிய ஜியோஜீப்ரா அவற்றுள் ஒன்று. முக்கோணத்தின் சுற்றுவட்ட மையத்தைக் கற்பிக்க ஆசிரியர் கரும்பலகையில் மூன்று தனித்தனிப் படங்கள் வரைய வேண்டும். ஜியோஜீப்ராவில் ஒரு படம் போதும். முனையைப் பிடித்து இழுக்க, குறுங்கோண முக்கோணத்தின் உள்ளே இருந்த மையம் நகர்ந்து, செங்கோணம் ஆகும்போது கர்ணத்தின் நடுப்புள்ளியில் அமர்ந்து, விரிகோணம் ஆனதும் வெளியே போகும். ஏன் என்ற கேள்வி மாணவரிடமிருந்தே வரும்.

2001-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபெட் என்னும் பாவனைச் சோதனைத் திட்டத்தைத் தொடங்கினார். இதன் மின்சுற்றுச் சோதனையில் கம்பிகளையும் மின்கலங்களையும் விளக்குகளையும் இணைத்தால், கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான்கள் புள்ளிகளாக ஓடுவது தெரியும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்பாவனையில் பயின்ற கல்லூரி மாணவர்கள், உண்மைக் கருவிகளில் பயின்றவர்களைவிடக் கருத்துகளை நன்கு புரிந்துகொண்டிருந்தனர். உண்மைச் சுற்றை அமைப்பதிலும் முந்தினர்.

அதே குழுவின் மற்றோர் ஆய்வு ஆசிரியர்களுக்கு இன்னும் பயனுள்ளது. எதை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொரு படியாகச் சொல்லித்தந்தால் மாணவர்கள் சொன்னதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டனர். சிந்திக்கத் தூண்டும் ஓரிரு கேள்விகளை மட்டும் கொடுத்தபோது தாமே பலவற்றை மாற்றிப் பார்த்தனர்.

இந்தக் கருவிகளின் ஆயுள் தொழில்நுட்பத்தைச் சார்ந்தது. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியது. ஃபெட் போன்ற திட்டங்கள் தம் பாவனைகளை எச்.டி.எம்.எல். 5-க்கு மாற்றி எழுதிப் பிழைத்தன. மாற்றி எழுத ஆளில்லாத எத்தனையோ ஃபிளாஷ் பாடங்கள் உலாவிகளில் இயங்காமல் போயின.

கருவி இல்லாமலும் ஊடாடலாம்

1991-இல் ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் தம் விரிவுரை முறையை மாற்றினார். பாடத்தின் நடுவே ஒரு கேள்வி கேட்பார். ஒவ்வொருவரும் தனியே விடையைத் தேர்வர். பின்பு பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டு மறுபடியும் தேர்வர். விடைகளைத் திரட்ட மின்னணுக் கருவிகளும் பின்னாளில் கைபேசிச் செயலிகளும் பயன்பட்டன. ஆனால் கையைத் தூக்கியும் எழுத்து அட்டையைக் காட்டியும் இதே முறையை நடத்தலாம். கற்றல் நிகழ்வது பக்கத்து மாணவரோடு வாதிடும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களில்தான்.

தமிழ்நாட்டில்

இந்தியப் பள்ளிகளில் கணினியை அறிமுகப்படுத்த 1984-இல் நடுவண் அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. பாடத்தின் இறுதியில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியும் சேர்க்கப்பட்டது. கணக்குப் புத்தகங்களில் ஜியோஜீப்ரா பணித்தாள்கள் இப்பகுதியில் இடம்பெற்றுள்ளன. செய்முறை படி 1, படி 2 என்று கொடுக்கப்பட்டிருக்கும். கருவியைத் திறக்க இப்படிகள் தேவையே. அவை முடிந்தபின் மாணவரை என்ன கேட்பது என்பது ஆசிரியரின் கையில் இருக்கிறது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, 2019-இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி வழியே பாடங்கள் ஒளிபரப்பாயின. அவை வீடுதோறும் சென்றன. ஆனால் பிள்ளை சந்தேகம் கேட்க அதில் வழியில்லை. இணைய வகுப்பில் கேட்கலாம். ஆனால் கைபேசியும் இணைய இணைப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் அந்தந்தப் பகுதியிலேயே பிள்ளைகளை அமர்த்திக் கற்பித்தனர்.

வகுப்பறைப் பயன்பாடு

ஒரே ஒரு திரை உள்ள வகுப்பில் ஆசிரியர் மட்டும் சுட்டியை இயக்கினால் ஊடாடும் கருவியும் திரைப்படம் போல ஆகிவிடும். இதைத் தவிர்க்கும் எளிய வழி, நகர்த்துவதற்கு முன் கேட்பது. 'இந்த முனையை இழுத்தால் மையம் எங்கே போகும்?' என்று கேட்டு, ஒவ்வொருவரும் தம் நோட்டில் குறித்தபின், ஒரு மாணவரை அழைத்து இழுக்கச் சொல்லலாம். குறித்தது பொய்த்துப்போனவர்களிடம் முதலில் காரணம் கேட்கலாம். இதற்குக் கூடுதல் கருவி எதுவும் வேண்டியதில்லை. பத்து நிமிடம் கூடுதலாக வேண்டும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு அந்தச் சுட்டியைத் தொடக் கிடைக்கும் ஒரே இடம் வகுப்பறைதான். ஆதலால் யாரை அழைப்பது என்பதையும் ஆசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டும்.