ஒரு படிக்கு ஐம்பது பேர்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். குறிப்பாக என்னிடம் படித்த பிள்ளைகள், இப்போது வண்டி ஓட்டுகிற வயதில் இருப்பவர்கள், அவசியம் படிக்க வேண்டும்.

எங்கள் திருத்தணி மலைக்கு 365 படிகள். வருடத்துக்கு 365 நாள், நாளுக்கு ஒரு படி என்பது ஊர்க்கணக்கு. டிசம்பர் 31 அன்று படித்திருவிழா. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே பஜனைக் குழுக்கள் மேலே ஏறும். புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைமார்களைப் போய் வணங்குவதற்குப் பதில் தணிகை மலைத் துரையை வணங்குவோம் என்று வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்த வழக்கம் இது.

இந்த முறை முழங்கால் வலி. பாதி மலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது மனதில் ஒரு வகுத்தல் கணக்கு ஓடியது. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் அல்லவா, பழக்கம் விடவில்லை. 2023-ல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 18,347 பேர். அதை 365-ஆல் வகுத்தால் ஈவு 50, மீதி 97. அதாவது, ஒரு படிக்கு ஐம்பது பேர்.

ஜனவரி சாலைப் பாதுகாப்பு மாதம். ஊர்வலம் போவார்கள், ஹெல்மெட் கொடுப்பார்கள், துண்டுப் பிரசுரம் தருவார்கள். எல்லாம் நல்ல காரியமே. நான் சொல்ல வந்தது வேறு. இந்த வருடாந்திரக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதற்கே ஒரு வரலாறு இருக்கிறது. அது நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எங்கள் ஊர்ச் சாலையைப் பற்றி.

நான் பிறந்தது 1959-ல். அப்போது திருத்தணி ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்ற பெரியவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலனாக, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறினாலும் சாலை மாறவில்லை. சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி போகும் அதே சாலைதான். வெகுகாலம் அதற்கு தேசிய நெடுஞ்சாலை 205 என்று பெயர். இப்போது 716.

என் சின்ன வயதில் ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் சாலையின் நடுவிலேயே ஆடிக்கொண்டு வருவார்கள். பின்னால் மாட்டுவண்டிகள் வரிசையாக வரும். எப்போதாவது வரும் பஸ்தான் ஒதுங்கி நிற்கும். இன்று அதே சாலையில் திருப்பதி போகும் கார்களும் வேன்களும், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகளும், கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஷிப்ட் பஸ்களும், நம் பிள்ளைகளின் பைக்குகளும் ஓடுகின்றன. புரட்டாசியில் மஞ்சள் துணி கட்டித் திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் இரவெல்லாம் அதன் ஓரத்தில் நடக்கிறார்கள். நடப்பவருக்காக உண்டான சாலை வேகத்துக்கான சாலையாக மாறிவிட்டது. ஆனால் நடப்பவர் இன்னும் அதில்தான் நடக்கிறார்.

1970-ல் இந்தியா முழுவதிலும் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 14,500 பேர். இன்று தமிழ்நாடு ஒன்றே அதைத் தாண்டுகிறது. 2022-ல் இந்தியாவில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19 பேர் நடந்து போனவர்கள். லாரிக்காரரையும் கார்க்காரரையும் விட பைக்கில் போகிறவரும் நடந்து போகிறவரும்தான் அதிகம் சாகிறார்கள்.

எங்கள் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் ராமஞ்சேரி அருகே காரும் லாரியும் மோதி ஐந்து கல்லூரி மாணவர்கள் இறந்தார்கள். 2025 மார்ச்சில் கே.ஜி.கண்டிகை அருகே அரசுப் பேருந்தும் டிப்பர் லாரியும் மோதி உயிர்கள் போயின. இப்படிப்பட்ட பெரிய விபத்துகள் செய்தியில் வரும். ஒற்றை ஆளாக பைக்கிலிருந்து விழுந்து சாகிறவன் செய்தியில் வரமாட்டான். வருடக் கணக்கிலாவது அவன் வர வேண்டும்.

இனி கணக்குக்கு வருகிறேன்.

2016-ல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,218 பேர். 2017-ல் 16,157 பேர். 2018-ல் இது 12,216 ஆகக் குறைந்ததாக அறிவித்தார்கள். 2019-ல் 10,525. 2020-ல் 8 ஆயிரத்துச் சொச்சம். நான்கே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே! மத்திய அமைச்சர் நிதின் கட்கரி பல மேடைகளில் தமிழ்நாட்டை மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியாகச் சொன்னார். நானும் அப்போது பெருமையாக ஒரு பதிவு போட்டேன். நினைவிருப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

பிறகு என்ன நடந்தது? கணக்கு திருத்தப்பட்டது. 2019-க்கான எண் 10,525 இல்லை, 18,129 என்று ஆனது. 2020-க்கான எண் 14,527 ஆனது, அதுவும் பல மாதம் ஊரடங்கு இருந்த ஆண்டில். 2018-ம் 18 ஆயிரத்தைத் தாண்டியது. 2022-ல் 17,884. 2023-ல் நான் மேலே சொன்ன 18,347. 2024-லும் 18 ஆயிரத்துக்கு மேல்தான்.

2019-ஐ மட்டும் கழித்துப் பாருங்கள். 18,129-லிருந்து 10,525 போனால் மீதி 7,604. இது வெறும் மீதி எண் இல்லை. முதல் கணக்கில் இல்லாமல் போன 7,604 மனிதர்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன். பெயர் வேண்டாம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். பையன் ஐ.டி.ஐ. முடித்து ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். 2019-ல் ஒரு நாள் இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது, விளக்கில்லாமல் ஓரம் கட்டியிருந்த லாரியின் பின்னால் மோதினான். 108 வந்தது. முதலில் இங்கே, பிறகு திருவள்ளூர், பிறகு சென்னை. பதினோராம் நாள் அவன் இறந்தான்.

காரியம் முடிந்து சில வாரங்கள் கழித்து அவன் அப்பா என் வீட்டுக்கு வந்தார். "சார், ஒரு மனு எழுதித் தரணும்" என்றார். இன்சூரன்ஸ் வழக்குக்காக வக்கீல் முதல் தகவல் அறிக்கையைக் கேட்டிருக்கிறார். எடுத்துப் பார்த்தால் அதில் பையனுக்குக் 'கொடுங்காயம்' என்றுதான் இருக்கிறது. அவன் இறந்ததே அந்தத் தாளில் இல்லை. "கேஸ்ல என் பையன் இன்னும் உசுரோடதான் இருக்கான் சார்" என்றார். அந்தச் சொல்லை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

நடைமுறை இதுதான். விபத்து நடந்த இடத்துக்குரிய காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகும். அப்போது சட்டம் இந்திய தண்டனைச் சட்டம். ஆபத்தாக வண்டி ஓட்டியதற்கு 279, கொடுங்காயத்துக்கு 338, உயிரிழப்புக்கு 304-ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 281, 125, 106 ஆகிவிட்டன. காயம்பட்டவர் பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து இறப்புத் தகவல் அந்த நிலையத்துக்கு வந்து, வழக்கின் பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி நூறு கிலோமீட்டர் தள்ளி வேறு ஊரில் இருக்கும். எங்களைப் போன்ற எல்லையோர ஊர்களில் சில பேரைத் திருப்பதிக்கும் கொண்டுபோவார்கள், அது வேறு மாநிலம். நடுவில் ஒரு தாள் தங்கிவிட்டால், இறந்தவர் காயம்பட்டவராகவே நின்றுவிடுவார்.

விபத்து நடந்து 30 நாட்களுக்குள் இறந்தால் அது சாலை விபத்துச் சாவு என்பதுதான் உலகம் ஏற்றுக்கொண்ட வரையறை. நம் நாட்டுக் கணக்கும் அதையே பின்பற்ற வேண்டும். பதினோராம் நாள் இறந்தவன் முதல் நாள் இறந்தவனுக்குச் சமம்.

மனு எழுதிக் கொடுத்தேன். அவர் மூன்று நான்கு முறை அலைந்தார். கடைசியில் பிரிவு மாற்றப்பட்டது. எந்த நிலையம் என்று நான் சொல்லப் போவதில்லை. அங்கிருந்த எழுத்தரும் ஒரே ஆளாக நூறு வேலை பார்க்கிறவர். ஆனால் கணக்கு திருத்தப்பட்ட செய்தியைப் படித்த நாளில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அந்த 10,525-ல் என் பையன் இருந்தானா, 7,604-ல் இருந்தானா?

"செத்தவன் செத்துட்டான், கணக்குல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன சார்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடத்தை 'பிளாக் ஸ்பாட்', அதாவது விபத்து அதிகம் நடக்கும் இடம் என்று அறிவிக்க ஒரு விதி இருக்கிறது. சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து நடந்திருக்க வேண்டும், அல்லது பத்து உயிர் போயிருக்க வேண்டும். அப்படி அறிவித்த பிறகுதான் விளக்கு, தடுப்பு, எச்சரிக்கைப் பலகை, தேவைப்பட்டால் மேம்பாலம் என்று பணம் ஒதுக்கப்படும். கணக்கில் வராத சாவு அந்த இடத்துக்கு ஒரு விளக்கைக் கூடக் கொண்டு வராது. அதே இடத்தில் அடுத்தவன் விழுவான்.

கணக்கு குறைந்தால் அக்கறையும் குறையும். பரீட்சையில் ஃபெயில் ஆன பையனுக்குப் பாஸ் மார்க் போட்டுக் கொடுத்தால் அவனுக்கு நன்மை செய்ததாக ஆகாது. அடுத்த வகுப்பில் அவன் தவிப்பான். ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

கணக்கைத் திருத்தியதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தப்பை அழித்துச் சரியாக எழுதுவது நல்ல மாணவனின் குணம். நல்லதும் நடந்திருக்கிறது. 2008 செப்டம்பரில் 108 வந்தது. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் சேர்த்து. வெளியூர் வண்டிகள் இவ்வளவு ஓடும் எங்கள் சாலைக்கு இது மிகவும் தேவையான திட்டம். விபத்து நடந்த இடத்திலேயே விவரங்களைப் பதியும் ஐராட் செயலியும் வந்திருக்கிறது. ஸ்வீடன் நாடு 1997-ல், சாலையில் ஒரு சாவு கூட ஏற்கத்தக்கதல்ல என்று நாடாளுமன்றத்திலேயே முடிவெடுத்து, சாவுகளைப் பெருமளவு குறைத்தது. அவர்களால் முடிந்ததற்கு ஒரு காரணம், ஒவ்வொரு சாவையும் எண்ணி, ஏன் என்று விசாரித்தது.

இனி என் வேண்டுகோள்.

ஒன்று. உங்கள் தெருவில் யாருக்காவது விபத்து நடந்து, சில நாள் கழித்து இறந்துவிட்டால், துக்கத்தின் நடுவிலும் படித்த ஒருவர் அந்தக் குடும்பத்தோடு போய், பிரேதப் பரிசோதனை நடந்ததா, வழக்கில் பிரிவு மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். இழப்பீடும் அதில்தான் இருக்கிறது, கணக்கும் அதில்தான் இருக்கிறது.

இரண்டு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விபத்து நடந்தால் தேதியோடு எழுதி வையுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. தேதியோடு போகும் மனுவைத் தள்ளிவிட முடியாது.

மூன்று. விபத்தைப் பார்த்தால் நின்று உதவுங்கள். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவரும் என்று பயந்து ஒதுங்க வேண்டாம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

நான்கு. ஹெல்மெட். 2022-ல் மட்டும் இந்தியாவில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர், அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அம்மாவுக்கும் மனைவிக்கும் சேர்த்து வாங்குங்கள்.

பள்ளியில் வேலை பார்த்தபோது தினமும் காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். வராதவனை வந்ததாகப் போட மாட்டேன், வந்தவனை விடவும் மாட்டேன். அவன் "உள்ளேன் ஐயா" என்று சொன்ன குரல் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அரசாங்கத்தின் பதிவேட்டில் அவன் பெயருக்கு ஓர் எண்ணாவது இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த டிசம்பர் 31-ல் முருகன் அருளால் மலை ஏறினால், அந்த வகுத்தல் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்ப்பேன். ஈவு குறைந்திருக்க வேண்டும். உண்மையாகவே குறைந்திருக்க வேண்டும்.

பார்த்துப் போங்கள், பிள்ளைகளே.