காலத்தில் செய்யும் மரியாதை: பீல்டு மார்ஷல் மானெக்‌ஷா நினைவாக

2008 ஜூன் 27. வெல்லிங்டன் ராணுவ மருத்துவமனையில் பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா தமது 94-வது வயதில் காலமானார். எங்கள் பேட்ச் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்காகக் காத்திருந்த சமயம் அது. 1971 போரில் நாட்டுக்கு வெற்றி தேடித்தந்த தளபதி, ஓய்வுபெற்றதிலிருந்து நம் குன்னூரில்தான் குடியிருந்தார் என்பது எங்களில் பலருக்கு அன்று பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும். மூத்த அண்ணன்மார்கள் சிலர் அவரை நேரிலேயே பார்த்திருக்கக்கூடும். பார்க்காத தலைமுறைக்காகவும், இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

1914 ஏப்ரல் 3 அன்று அமிர்தசரஸில் ஒரு பார்சி டாக்டரின் மகனாகப் பிறந்தவர். டேராடூனில் ராணுவ அகாடமி 1932-ல் தொடங்கியபோது சேர்ந்த முதல் பேட்ச் மாணவர். நம் பாஷையில் சொன்னால், ‘ஃபர்ஸ்ட் பேட்ச்’ சீனியர்!

இறப்பதற்கு முன் ஒரு பதக்கம்

1942 பிப்ரவரி. பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பாலத்தருகே ஜப்பானியரோடு கடும் சண்டை. கேப்டன் மானெக்‌ஷா தன் கம்பெனியை நடத்திச் சென்றபோது இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் வயிற்றைத் துளைத்தன. பிழைப்பார் என்று யாரும் நம்பவில்லை. அந்நாளில் மிலிட்டரி கிராஸ் விருதை இறந்தவருக்குக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. இது தெரிந்த டேவிட் கோவன் என்ற உயரதிகாரி, தன் சட்டையிலிருந்த ரிப்பனைக் கழற்றி, கிடந்த கேப்டனின் மார்பில் குத்திவிட்டார். ஃபைல், சிபாரிசு எல்லாம் அப்புறம்! ஆர்டர்லி ஷேர் சிங் அவரைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் சேர்த்தார். மனிதர் பிழைத்தார். அதற்குப் பிறகு 66 வருஷம் வாழ்ந்தார்.

‘இப்போது முடியாது’

பதவி ஏறும் பாதை அவருக்குப் பூப்பாதையாக இல்லை. வெல்லிங்டன் ஸ்டாஃப் காலேஜின் தலைவராக இருந்த காலத்தில், வெளிப்படையாகப் பேசும் குணத்தாலேயே அவர் மீது விசாரணை வந்தது. குற்றமற்றவர் என்று மீண்டார். 1962 சீனப் போரில் மனம் உடைந்து கிடந்த வடகிழக்குப் படைக்கு அவரையே தலைவராக அனுப்பினார்கள். எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் இனி யாரும் பின்வாங்கக் கூடாது என்பதுதான் அங்கே போனதும் அவர் சொன்ன முதல் சேதி. 1969-ல் தரைப்படைத் தளபதியானார்.

1971 ஏப்ரலில் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வெள்ளமாக வந்துகொண்டிருந்தார்கள். உடனே படையை அனுப்ப முடியுமா என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டார். முடியாது என்றார் மானெக்‌ஷா. அவர் பிற்காலத்தில் சொன்னபடி காரணங்கள் இவை: மழைக்காலம் வந்தால் அந்த நாட்டின் ஆறுகள் கடல்போல ஆகிவிடும், இமயத்தில் பனி உருகினால் சீனாவுக்கு வழி திறக்கும், டாங்குகள் தயாராக இல்லை. வேண்டுமானால் ராஜினாமா செய்கிறேன், அவகாசம் கொடுத்தால் வெற்றிக்கு நான் பொறுப்பு என்றாராம்.

சைட்டில் வேலை பார்க்கும் நமக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். மேலிடம் தேதி கேட்டால் ‘முடிச்சிடலாம் சார்’ என்று சொல்வதுதான் சுலபம். காங்கிரீட் செட் ஆகுமா ஆகாதா என்ற கவலை அப்புறம்தான் வரும்! அவர் ‘முடியாது’ என்றதோடு நிற்கவில்லை. எப்போது முடியும், அதற்கு என்ன வேண்டும் என்பதையும் சொன்னார். கிடைத்த மாதங்களில் தயார் செய்தார். டிசம்பர் 3-ல் மூண்ட போர் 13 நாளில் முடிந்தது. சுமார் 93,000 பேர் சிறைப்பட்டார்கள். வங்கதேசம் பிறந்தது. டாக்காவில் சரணாகதியை வாங்கும் பெருமையைக்கூட, அந்தக் களத்தை நடத்திய ஜெனரல் அரோராவுக்கே விட்டுக்கொடுத்தார்.

தாமதமாக வந்த செக்

1972-ல் பத்ம விபூஷண். 1973 ஜனவரியில் நாட்டின் முதல் பீல்டு மார்ஷல் பட்டம். அந்த மாதமே ஓய்வு. விஷயம் இங்கேதான் இருக்கிறது. பீல்டு மார்ஷல் என்பது ஆயுள் முழுவதும் பதவி; அதற்குரிய முழுச் சம்பளமும் உண்டு. அந்த நிலுவைத் தொகை, ஒரு கோடி ரூபாய்க்கும் மேல், அவர் கைக்கு வந்தது 2007-ல்! அப்போது அவருக்கு வயது 93. மனைவி சில்லு 2001-லேயே போய்விட்டார்.

மறு வருஷம் அவரும் போனார். ஊட்டி பார்சி கல்லறையில் மனைவிக்குப் பக்கத்தில் ராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது. குடியரசுத் தலைவர் வரவில்லை, பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சர் வரவில்லை, முப்படைத் தளபதிகளும் வரவில்லை. மத்திய அரசு சார்பில் ஒரு ராஜாங்க மந்திரி வந்தார். தேசிய துக்கமும் அறிவிக்கப்படவில்லை. அந்த டிசம்பரில் தபால்தலை வெளியிட்டார்கள். பின்னாளில் டெல்லியில் அவர் பெயரில் பெரிய அரங்கம் எழுந்தது. 2023-ல் இந்தியில் சினிமாவும் வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் எதையும் அவர் பார்க்கவில்லை.

1942-ல் குண்டு பாயும் இடத்தில் ஒரு அதிகாரிக்குச் சில நிமிஷத்தில் தோன்றியது, ஒரு பெரிய அரசாங்கத்துக்கு 34 வருஷம் கழித்துத்தான் தோன்றியிருக்கிறது. கோவனிடம் இருந்தது அதிகாரம் மட்டுமல்ல, அவசரமும்தான். மரியாதைக்கு அந்த அவசரம் வேண்டும்.

நாமும் யோசித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு மலரிலும் அஞ்சலிப் பக்கம் இருக்கிறது, உருக்கமாகத்தான் எழுதுகிறோம். ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள், லேபில் நம் தப்புகளைப் பொறுத்துக்கொண்டவர்கள், இரவு பத்து மணிக்கும் சோறு எடுத்துவைத்த மெஸ் அண்ணன்கள், இவர்களில் எத்தனையோ பேர் இன்னும் நம் ஊரைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். இந்த ரீயூனியனுக்கு வருகிற ஒவ்வொரு பேட்சும் ஒருவர் வீட்டுக்காவது போய், அந்தப் பக்கத்தில் பிற்பாடு எழுதப்போகும் நல்ல வார்த்தைகளை இப்போதே நேரில் சொல்லிவிட்டு வந்தால் என்ன? பென்ஷன் பேப்பர் ஏதாவது இழுத்துக்கொண்டிருந்தால், அதையும் ஒரு கை பார்த்துவிட்டு வரலாம்.