மேஃப்ளையும் கள்ள நோட்டும்

பி.காம். படித்துவிட்டு வங்கியில் நோட்டு எண்ணப் போனவனுக்குத் தூண்டிலைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்டுவிடாதீர்கள். காரணம் இருக்கிறது.

சண்டிகருக்கு மாற்றலாகி வந்த பிறகு ஒரு விடுமுறைக்குக் குடும்பத்தோடு குலு போயிருந்தோம். பியாஸ் நதிக்கரையில் ஒரு பெரியவர் ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சின்ன டப்பாவில் வரிசையாகப் பூச்சிகள். "அப்பா, எல்லாம் நிஜமா?" என்றாள் மகள். அத்தனையும் முள்ளில் கட்டிய இறகும் நூலும்தான்! நான் பழக்க தோஷத்தில் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன். கேஷ் கவுண்டர் கை. பெரியவர் சிரித்தார். "மீனும் இப்படித்தான் பார்க்கும்" என்றார். அந்த ஒரு வரி என்னை இங்கிலாந்து வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மேஃப்ளை நம்ம ஊர் ஈசல் மாதிரி, ஆனால் ஈசல் இல்லை. இளம் பருவம் முழுக்கத் தண்ணீருக்கடியில். பெரிய வகைகள் சில இரண்டு வருடம் கூட இருக்கும். பிறகு மேலே வந்து, மங்கலான சிறகோடு பறந்து, மறுபடியும் தோலுரித்துப் பளபளப்பாகும். சிறகு முளைத்தபின் தோலுரிக்கும் பூச்சி இது ஒன்றுதான். ஓரிரு நாளில் ஆயுள் முடிந்துவிடும். அதற்குள் சாப்பிட நேரமும் இல்லை, வேலை செய்யும் வாயும் இல்லை!

இதை அச்சு அசலாகக் கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் (1844–1914). 1886ல் மிதக்கும் பூச்சிகள் கட்டுவது பற்றிப் புத்தகம் போட்டார். நிஜப் பூச்சியைப் பிடித்து, நிறத்துக்கு நிறம் ஒப்பிட்டு, 1910ல் தன் முடிவான 33 மாதிரிகளை வெளியிட்டார். ஒரு நல்ல ஆடிட்டருக்குரிய ஒழுங்கு. தெற்கு இங்கிலாந்தின் தெளிந்த சுண்ணாம்பு ஆறுகளில் அவர் சொன்னதுதான் சட்டம் என்று ஆனது.

ஆனால் அவர் பூச்சியைப் பார்த்தது மேலிருந்து, மேஜையில் வைத்து. மீன் பார்ப்பதோ கீழிருந்து, வானத்து வெளிச்சத்துக்கு எதிரே. நிஜப் பூச்சியின் உடம்பு வழியே வெளிச்சம் ஊடுருவும். முள்ளின் மேல் சுற்றிய உடம்போ கறுப்பாகத் தெரியும். இதைப் பிடித்துக்கொண்டவர் ஜே.டபிள்யூ. டன். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஆரம்பகால விமானங்களை வடிவமைத்தவர். 1924ல் வந்த அவர் புத்தகத்தில் வைத்தியம் எளிது: முள்ளின் தண்டுக்கு வெள்ளை பெயின்ட், அதன்மேல் செயற்கைப் பட்டு, கொஞ்சம் எண்ணெய். எண்ணெய் பட்டதும் பட்டு ஒளி ஊடுருவுவதாக மாறி உள்ளே வெள்ளை மின்னும். எனக்கு உடனே வாட்டர்மார்க்தான் ஞாபகம் வந்தது.

இன்னொரு பக்கம் வழக்கறிஞர் ஸ்க்யூஸ். மீன் பெரும்பாலும் நீருக்குள் இருக்கும் இளம் பருவத்தைத்தானே தின்கிறது, அதையும் கட்டினால் என்ன என்று 1910ல் எழுதினார். ஹால்ஃபோர்ட் பக்தர்களுக்கு இது தெய்வக் குற்றம். 1938ல் லண்டனில் ஒரு தூண்டில்காரர் சங்கத்தில் இதற்கென்றே விவாதம் நடக்கும் அளவுக்குச் சண்டை நீண்டது!

கடைசியில் ஏவன் ஆற்றின் காவலர் ஃபிராங்க் சாயர் வந்தார். ஃபெசன்ட் கோழியின் வால் இறகு, மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். நூல்கூட இல்லை. கால்களும் வைக்கவில்லை, ஏனென்றால் நீந்தும் இளம்பூச்சி கால்களை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்வதை ஆற்றங்கரையிலேயே வாழ்ந்த அவர் பார்த்திருந்தார். நம் கண்ணுக்கு அது பூச்சி மாதிரியே இருக்காது. உலகம் முழுக்க இன்றும் மீன் அதை நம்புகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கள்ள நோட்டை வாங்கிப் போட்டுவிட்டு, கைக்காசு கட்டியவன் நான். அச்சு, நிறம், எண் எல்லாம் அத்தனை சுத்தம். கூட்டத்தில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க மட்டும் மறந்துவிட்டேன். அசல் மாதிரி இருக்கிறதா என்பதல்ல கேள்வி. யார் கண்ணுக்கு, எந்தப் பக்கத்திலிருந்து என்பதுதான். ஹால்ஃபோர்டுக்கு மேஜை, மீனுக்கு வானம். எனக்குப் புரிய ஒரு மாதச் சம்பளத்தில் கொஞ்சம் போனது.

அந்தப் பெரியவர் ஒரு பூச்சியை மகளுக்கே கொடுத்துவிட்டார். முள்ளின் நுனியை உடைத்து, ஜன்னலோரம் தொங்கவிட்டிருக்கிறாள். சும்மா சொல்லக்கூடாது, காலை வெயிலில் நிஜமாகவே உயிர் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது.