பிலிப் ஃபெராரி

பிலிப் ஃபெராரி (1850–1917) உலகில் வெளியான அஞ்சல்தலைகள் அனைத்தையும் ஓரிடத்தில் சேர்க்க முயன்றவர். அந்த முயற்சியில் அவரளவு நெருங்கிப்போனவர் வேறு எவரும் இல்லை.

பாரிசில், இன்று பிரெஞ்சுப் பிரதமர் தங்கும் மட்டினியோன் மாளிகையில் பிறந்தார். தந்தை கலியேரா கோமகன், இரயில் பாதைகளில் முதலிட்டுப் பெரும் பொருள் ஈட்டியவர். மகன் கோமகன் பட்டத்தைத் துறந்தார். ஆஸ்திரிய அதிகாரி ஒருவருக்குத் தத்துப்பிள்ளையாகி, ஆஸ்திரியக் குடிமகனானார். பின்னாளில் சுவிஸ் குடியுரிமையும் பெற்றார்.

சிறுவயதில் பிடித்த ஆசை கடைசிவரை விடவில்லை. சர் டேனியல் கூப்பர், நீதிபதி ஃபில்பிரிக் ஆகியோரின் பெரும் தொகுப்புகளை அப்படியே விலைக்கு வாங்கினார். தொகுப்பை ஒழுங்குபடுத்திக் காக்க, அஞ்சல்தலை வணிகர் பியர் மாஹேயை அமர்த்திக்கொண்டார். பிரிட்டிஷ் கயானாவின் 1856ஆம் ஆண்டு ஒரு சென்ட் மெஜந்தா உலகில் ஒன்றே ஒன்றுதான் உள்ளது. அதை 1878இல் வாங்கினார். பச்சையில் அச்சாக வேண்டியது தவறி மஞ்சளில் அச்சான சுவீடனின் மூன்று ஸ்கில்லிங் தலையும் 1894இல் அவர் கைக்கு வந்தது.

திருவிதாங்கூர் அஞ்சல், சங்கு முத்திரை பதித்த தன் முதல் தலைகளை 1888இல் வெளியிட்டது. இப்படிச் சமஸ்தானங்கள்கூடத் தனித்தலை அச்சிட்ட காலத்தில் எல்லாவற்றையும் திரட்ட நினைத்ததே பெரும் துணிச்சல். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கும் வழக்கமும் அவருக்கு இருந்தது. அதனால் அவருக்கென்றே போலிகளைச் செய்து விற்றவர்களும் உண்டு. அத்தகைய போலிகளுக்கு அவர் பெயராலேயே ‘ஃபெராரிட்டி’ என்ற சொல் வழங்குகிறது.

தொகுப்பு முழுவதும் பெர்லின் அஞ்சல் அருங்காட்சியகத்துக்குச் சேர வேண்டும் என உயில் எழுதினார். ஆனால் முதல் உலகப்போர் குறுக்கிட்டது. 1917 மே மாதம் லோசானில் அவர் இறந்தார். பாரிசில் இருந்த தொகுப்பை எதிரிச் சொத்தாகக் கருதிப் பிரெஞ்சு அரசு பறிமுதல் செய்தது. 1921 முதல் 1925 வரை 14 ஏலங்கள். கிடைத்தது சுமார் 4 லட்சம் பவுண்டு. கயானா மெஜந்தாவை அமெரிக்கச் செல்வந்தர் ஆர்தர் ஹிண்ட் வாங்கினார். அது 2021இல் 83 லட்சம் டாலருக்கு விலைபோனது.

ஃபெராரிக்கு அடுத்த பெரிய தொகுப்பை வைத்திருந்தவர் இங்கிலாந்தின் தாமஸ் டாப்ளிங். 1891இல் தம் 35ஆம் வயதில் இறந்த அவர், அதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்தார். அது இன்றும் குலையாமல் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.