நடைபாதையும் வாழ்வுரிமையும்

வீடற்றார்க்கும் நகராட்சிக்கும் இடையே எழும் வழக்கு, மேலோட்டமாக நோக்குவார்க்கு நிலம்பற்றிய வழக்காகவே தோன்றும். நடப்பதற்கென அமைந்த பாதையில் குடியிருத்தல் தகுமா என்னும் வினாவோடு அவர் அமைந்துவிடுவர். அந்நாளில் பம்பாய் என வழங்கிய மும்பை நகரின் நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கு அவ்வினாவை விரித்தது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு எனச் சட்ட நூலார் குறிக்கும் அதன் தீர்ப்பு, 1985 சூலை 10ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றத்தில் வழங்கப்பெற்றது. அத்தீர்ப்பு வீடற்றார்க்கு எதனைத் தந்தது, எதனைத் தரவில்லை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1981 சூலை 13ஆம் நாள், நடைபாதைகளிலும் சேரிகளிலும் வாழ்வார் தத்தம் ஊர்களுக்கோ நகருக்குப் புறம்பான இடங்களுக்கோ அனுப்பப்படுவர் என மகாராட்டிர முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். மழைக் காலத்திலேயே குடிசைகள் பிரிக்கப்பெற்றன. அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தாருள் சேலத்தினின்று 1961இல் சென்ற தமிழர் ஒருவரும் உளர். வறட்சியால் வேலையிழந்த நிலமற்ற தொழிலாளி அவர். பம்பாயில் நாட்கூலிக்கு உழைத்துச் சாலையோரக் குடிசையொன்றில் மனைவி மக்களுடன் வாழ்ந்தார். சூலை 23ஆம் நாள் அக்குடிசை இடிக்கப்பெற்றது. குடும்பத்தார் சேலத்திற்குப் பேருந்தில் ஏற்றப்பெற்றனர். மனைவி மக்களை ஊரில் விட்டு, அவர் வேலை தேடி மீண்டும் பம்பாய்க்கே சென்று, மற்றொரு நடைபாதையில் ஒதுங்கினார். ஊரில் வீடுண்டாயினும் பிழைப்பில்லை. பிழைப்புள்ள நகரில் வீடில்லை. வழக்கின் சாரம் முழுவதும் இம்மீட்சியில் அடங்கும்.

தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் உள்ளிட்ட ஐவர் இதனை விசாரித்தனர். குடிசை அமைக்கும் அடிப்படை உரிமையைக் கோரோம் என நடைபாதைவாசிகள் முன்னர் உயர் நீதிமன்றத்தில் கூறியிருந்தமையை நகராட்சி தடையாகக் காட்டிற்று. அரசியலமைப்பு தந்த உரிமையை ஒருவர் தம் சொல்லால் துறத்தல் இயலாதென நீதிமன்றம் அத்தடையை விலக்கிற்று. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழ்வினுள் பிழைப்பிற்கான உரிமையும் அடங்கும் என்றது. வேலைக்கு அணித்தாக வாழ வேண்டிய இன்றியமையாமையே இவர்களை நடைபாதைக்குத் தள்ளியது என்பதையும் ஏற்றது.

ஆயினும் பொதுப்பாதையில் குடிசை அமைக்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்பதும் அத்தீர்ப்பே. முன்னறிவிப்பின்றி அகற்றும் அதிகாரத்தை 1888ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் ஆணையர்க்கு அளித்திருந்தது. அச்சட்டப்பிரிவு செல்லும், எனினும் அறிவித்து, அவர்தம் சொல்லைக் கேட்டபின் அகற்றுதலே பொதுவிதியாதல் வேண்டும் என்றனர் நீதிபதிகள். 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இடம்பெற்றவர்க்கு மாற்றிடம் தருமாறு பணித்தனர். ஆனால் அகற்றுதற்கு அதனை முன்நிபந்தனை ஆக்கவில்லை. 1985 அக்டோபர் 31 வரை குடிசைகளை அகற்றலாகாது எனவும் ஆணையிட்டனர். கொள்கையளவில் வென்றவர்க்கு உடனடியாகக் கைவந்தது, ஒரு மழைக் காலத்து அவகாசமே.

தீர்ப்பின் இவ்விரு கூறுகளும் பின்னாளில் தனித்தனியே வளர்ந்தன. ஆக்கிரமித்தவர்க்கு இலவச மாற்றிடம் தருதல், சட்டைப்பையில் திருடியவனுக்குப் பரிசளித்தல் போலும் என 2000ஆம் ஆண்டில் அந்நீதிமன்றமே மற்றொரு வழக்கில் கூறியது. 2010ஆம் ஆண்டிலோ, உணவுரிமை வழக்கின் தொடர்பாக, ஓரிலக்கம் மக்கட்கு ஓர் இரவுத் தங்குமிடமேனும் நகரங்களில் அமைத்தல் வேண்டும் எனப் பணித்தது.

ஆகவே இவ்வழக்கை வீடற்றாரின் முழு வெற்றியென்று போற்றுதலும், வெறுந் தோல்வியென்று தள்ளுதலும் பொருந்தா. அவர் ஏன் அங்கு வாழ்கின்றார் என்பதைச் சட்டம் உணர்ந்தது. எங்கு வாழ்வார் என்பதற்கு விடை கூறவில்லை. சேலத்துத் தொழிலாளியின் மீட்சி எழுப்பிய வினா அவ்விரண்டிற்கும் இடையே நிற்கின்றது.